தோட்டம் யார் பேரில் இருக்குதுங்க? ஹாரிசன் பட்கர் பேச்சு பற்றி கொங்குநாட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் ஆண்டு விழா என்றால் சிறப்பு விருந்தினராக ஒரு விளையாட்டு வீரரைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. சால்வை, நினைவுப் பரிசு, மாணவர்களோடு செல்ஃபி, நடுவில் ஒரு சின்னப் பேச்சு. அவர் என்ன பேசப்போகிறார் என்று யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. உழைப்பு, ஒழுக்கம், அப்பா அம்மா ஆசீர்வாதம் என்று முடித்துக்கொள்வார் என்கிற நம்பிக்கைதான்.

அப்படி முடியாமல் போன ஒரு பேச்சைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நடந்தது அமெரிக்காவில். கோவையில் உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களுமாகச் சிலர் உட்கார்ந்து அதைப் பேசினோம். அமெரிக்காவைப் பற்றிப் பேசியது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் நம்ம ஊர்க் கதை ஓடியது. இந்த ஆய்விலும் அந்தக் கணக்கே இருக்கும்.

நடந்தது

2024 மே 11. கன்சாஸ் மாநிலத்தில் அட்சிசன் என்கிற சிறிய ஊர். அங்குள்ள பெனடிக்டைன் கல்லூரி ஒரு கத்தோலிக்கக் கல்லூரி. பட்டமளிப்பு விழாவுக்குப் பேச வந்தவர் ஹாரிசன் பட்கர், கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் கிக்கர். அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு: கிக்கர் என்பவர் ஆட்டம் முழுக்க ஓடி மோதுகிறவர் இல்லை. உதைக்க வேண்டிய நேரத்தில் மட்டும் உள்ளே வந்து, உதைத்துவிட்டுப் போவார். ஆனால் அந்த ஒரு உதையில் கோப்பை மாறும். 2023 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் சீஃப்ஸை வெல்ல வைத்தது பட்கரின் கால். அடுத்த வருடமே 57 கெஜத்திலிருந்து உதைத்து சூப்பர் பௌல் சாதனை வைத்தார். ஆகவே மேடை ஏறும்போது அவர் சாதாரண ஆள் இல்லை.

சுமார் இருபது நிமிடம் பேசினார். கருக்கலைப்பு, செயற்கைக் கருத்தரிப்பு, வாடகைத் தாய், அமெரிக்க அதிபர், ஆயர்களின் தயக்கம், தன்பால் ஈர்ப்பாளர்களின் பெருமை மாதம் என்று பலதையும் தொட்டார். ஆனால் ஊரெல்லாம் சுற்றியது ஒரு பகுதிதான். பட்டம் வாங்க உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, உங்களிடம்தான் மிக மோசமான பொய்கள் சொல்லப்பட்டிருக்கின்றன என்றார். உங்களில் சிலர் பெரிய வேலைகளுக்குப் போகலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் தங்கள் திருமணத்தையும் பிறக்கப்போகும் குழந்தைகளையும் நினைத்துத்தான் அதிகம் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள் என்பது என் ஊகம் என்றார். மனைவியாகவும் தாயாகவும் ஆன பிறகுதான் தன் வாழ்க்கை உண்மையில் தொடங்கியது என்று என் மனைவியே முதலில் சொல்வாள் என்று சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்தது. ஆண்களிடம், ஆண்மையைப் பற்றி வெட்கப்படாதீர்கள் என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் அமெரிக்காவில் அன்னையர் தினம்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டு வரி ஒன்றை மேற்கோள் காட்டினார், பெயர் சொல்லாமல். என் அணித் தோழரின் காதலி சொன்னது போல என்றார். தோழர் டிராவிஸ் கெல்சி. உலகத்திலேயே அதிகம் சம்பாதிக்கிற பாடகிகளில் ஒருவரை இன்னாருடைய காதலி என்று மட்டும் அறிமுகப்படுத்தியது அவருக்கே தெரியாமல் நடந்திருக்கலாம். எனக்கு அந்த இருபது நிமிடத்தில் அதிகம் சொன்ன இடம் அதுதான்.

அப்புறம் நடந்தது

அவரை அணியை விட்டு நீக்கச் சொல்லி இணையத்தில் போடப்பட்ட மனுவில் 2 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். தரப்பில் பன்மைத்துவப் பொறுப்பு அதிகாரி, அவர் தனிப்பட்ட முறையில் பேசியது, லீக்கின் கருத்து அது இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். தண்டனை எதுவும் இல்லை. கேப்டன் பேட்ரிக் மஹோம்ஸ், கருத்தில் எல்லாம் உடன்பாடு இல்லை, ஆனால் மனிதராக அவரை மதிக்கிறேன் என்கிற மாதிரிப் பேசினார். பயிற்சியாளர் ஆண்டி ரீட், அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும், அதை மதிக்கிறோம் என்கிற மாதிரிச் சொன்னார். கெல்சியும் கிட்டத்தட்ட மஹோம்ஸ் சொன்னதையே சொன்னார். இன்னொரு பக்கம் பட்கர் பெயர் போட்ட சட்டை விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. கன்சாஸ் சிட்டி நகராட்சியின் சமூக ஊடகக் கணக்கு, அவர் குடியிருப்பது எங்கள் ஊரில் இல்லை, பக்கத்து ஊரில் என்று ஊர்ப் பெயரோடு பதிவு போட்டு, அதை நீக்கி, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கோபம் வந்தால் அரசாங்கக் கணக்குகூட வீட்டு முகவரிப் பக்கம் போய்விடும் என்பதற்கு அது ஒரு பாடம்.

எனக்குப் பிடித்த பதில் கன்னியாஸ்திரீகளிடமிருந்து வந்தது. மவுண்ட் செயின்ட் ஸ்கொலாஸ்டிகா மடத்துச் சகோதரிகள் இந்தக் கல்லூரியை உருவாக்கியவர்களில் ஒரு பாதி. ஆண்கள் கல்லூரியும் பெண்கள் கல்லூரியும் 1971இல் ஒன்றானதுதான் இன்றைய பெனடிக்டைன் கல்லூரி. இந்தச் சகோதரிகள் 1863இல் அட்சிசனுக்கு வந்தவர்கள். இல்லத்தரசியாக இருப்பதே ஒரு பெண்ணுக்கு மிக உயர்ந்த அழைப்பு என்ற பட்கரின் கூற்று தங்களுக்குக் கவலை தருகிறது என்று அறிக்கை விட்டார்கள். 160 வருடமாகத் தாங்கள் படிக்கவைத்த பெண்களை நினைவுபடுத்தினார்கள். கல்யாணம் கட்டாமல், பிள்ளை பெறாமல், வாழ்நாள் முழுக்க வகுப்பெடுத்த பெண்கள் இந்தச் சகோதரிகள். கத்தோலிக்க மரபு என்று பட்கர் சொன்னதற்குள்ளேயே அவருடைய கூற்றுக்கு அடங்காத பெண்கள் ஒன்றரை நூற்றாண்டாக இருந்திருக்கிறார்கள்.

பட்கர் பின்வாங்கவில்லை. அந்த மாதக் கடைசியில் நாஷ்வில்லில் ஒரு நிகழ்ச்சியில், சொன்னதற்கு வருத்தமில்லை என்பதைத் தெளிவாக்கினார். ஜூலையில் இ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சியின் விருது விழாவை நடத்திய டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸ் மேடையிலேயே அவரைக் கிண்டலடித்தார். ஆகஸ்டில் சீஃப்ஸ் அணி அவரோடு நான்கு வருடத்துக்கு 2.56 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அன்றைய தேதிக்கு அந்த லீக்கில் அதிகச் சம்பளம் வாங்கும் கிக்கர் அவர்தான்.

இந்தத் தொகை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பேசலாமா, கூடாதா

பெரும்பாலான விவாதம் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துபோனது. ஒரு தரப்பு நீக்கு என்றது. இன்னொரு தரப்பு, மதத்தைப் பேசினால் வேலை போகுமா என்றது. எங்கள் கூட்டத்திலும் முதல் அரைமணி நேரம் அப்படித்தான் போனது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: நீக்கக்கூடாது. அவர் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில், கத்தோலிக்கர்களிடம், தன் நம்பிக்கையைச் சொன்னார். பிடிக்காதவர்கள் பதில் சொல்லலாம், சொன்னார்கள். வேலையைப் பறித்திருந்தால் அவர் தியாகியாகியிருப்பார், அவ்வளவுதான்.

நம் நாட்டில் வேறு மாதிரி நடந்த ஒன்றை இதோடு சேர்த்துப் பேசுவது உண்டு. 2019 ஜனவரியில் ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் ஒரு தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிப் பேசியதற்காக இடைநீக்கம் ஆகி ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏப்ரலில் கிரிக்கெட் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் ஆளுக்கு 20 லட்சம் அபராதம் போட்டார். அது மரபுப் பேச்சு இல்லை, வெறும் ஜம்பம். பட்கரோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் அபராதப் பணம் எங்கே போனது என்று பாருங்கள். பணியில் உயிரிழந்த துணை ராணுவக் காவலர்களின் விதவை மனைவிகள் பத்துப் பேருக்கு ஒவ்வொரு லட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்குப் பத்து லட்சம். நல்ல காரியங்கள்தான். பெண்கள் கிரிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் இல்லை. பெண்களை இழிவாகப் பேசியதற்கான தண்டனை பெண்கள் விளையாடுகிற பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பாகிஸ்தானின் ஷாகித் அஃப்ரிடி கதை பட்கருக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 2019இல் வந்த தன் சுயசரிதையில், மகள்கள் வீட்டுக்குள் எந்த விளையாட்டும் ஆடலாம், வெளியே பொது இடத்தில் போட்டிகளுக்குப் போகக்கூடாது, அப்பாவாக நான் எடுத்த முடிவு இது என்று எழுதினார். பட்கர் தன் மனைவியின் விருப்பத்தைப் புகழ்ந்தார். அஃப்ரிடி மகள்களுக்காகத் தானே முடிவெடுத்தார். நான் இருவரையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஒருவர் சொன்னதோடு வாதாடலாம். இன்னொருவர் வீட்டில் வாதாட இடமே இல்லை.

சரி, இதெல்லாம் பேச்சுரிமைப் பக்கம். நான் பார்த்தவரை விவாதம் அதிகம் தொடாமல் விட்ட பக்கம் ஒன்று இருக்கிறது.

அம்மாக்கள்

பட்கரின் தாய் எலிசபெத் பட்கர் ஒரு மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும்போது எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போடுகிற வேலை. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் 1988இலேயே அந்தத் துறையில் சேர்ந்தவர். மகன் பிறந்தது 1995. அதாவது வேலைக்குப் போகிற ஒரு அம்மாவின் வீட்டில்தான் இந்தக் கிக்கர் வளர்ந்தார், ஜார்ஜியா டெக்கில் பொறியியல் படித்தார், உதைக்கப் பழகினார். பேச்சின்போது இதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு செய்தியாளர்கள் எடுத்துப் போட்டார்கள், பலர் அதைக் கேலிக்குப் பயன்படுத்தினார்கள். கேலி எனக்கு உவப்பில்லை. ஆனால் தகவல் கனமானது.

இங்கேதான் எங்கள் பேச்சு சேலத்துக்குத் தாவியது. கொங்குநாட்டிலிருந்து உலகம் பார்த்த இரண்டு விளையாட்டு வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப்பம்பட்டி நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகி யார்க்கரால் பேர் வாங்கியவர். அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஐந்து வயதில் பஸ் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிய பையனை, கணவன் விட்டுப்போன பிறகு செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தவர் அவருடைய தாய் சரோஜா. வைத்தியத்துக்கு 3 லட்சம் கடன் வாங்கியவர்.

இந்த இருவரும் பெண்கள் எங்கே இருக்க வேண்டும் என்று எதுவும் பேசியவர்கள் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அவர்களைக் கொண்டுவருவது அவர்களுடைய அம்மாக்களுக்காக. அம்மா வீட்டில் இருந்து கவனித்துக்கொண்டால்தான் பிள்ளை உருப்படும் என்கிற கூற்றை இந்த மண்ணில் எங்கே வைத்துச் சோதித்தாலும் சறுக்குகிறது. விசைத்தறி, பனியன் கம்பெனி, நூல் மில், மஞ்சக்காடு, கறவை மாடு. பெண்கள் கைவைக்காத தொழில் கொங்குநாட்டில் எது? வீட்டோடு இருக்கிற மனைவி என்பது நம் பக்கம் மரபாக இருந்தது கொஞ்சம் வசதியான வீடுகளில்தான், அதுவும் வசதி வந்த பிறகுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். கோபிப் பக்கம். பெண் நீளம் தாண்டுதல் பழகுகிறாள். அதிகாலையில் அம்மா பால் கறந்து, கேனைக் கொண்டுபோய் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அதே டி.வி.எஸ். எக்ஸெல்லில் பெண்ணைத் திடலில் இறக்கிவிட்டுப் போவார். பால் அட்டை அம்மா பேரில். பட்டுவாடா அன்றைக்கு வருகிற காசில் தவிடு, புண்ணாக்குக்குப் போக மிச்சம் பிடித்து வாங்கியதுதான் அந்தப் பெண்ணின் ஸ்பைக் ஷூ. ஆணி தேய்ந்தால் மாற்றுகிற ஆணிகளைக்கூட பால் அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார். அப்பா எதிர்ப்புச் சொன்னதில்லை. ஷூ என்ன விலை என்று கேட்டதும் இல்லை.

பட்கரின் மனைவி வீட்டில் இருப்பதற்கு 2.56 கோடி டாலர் பின்னால் நிற்கிறது. அது அவர்களுடைய பாக்கியம், நான் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மேடையின் கீழே உட்கார்ந்திருந்த பெண்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு சம்பளக்காரன் கிடைப்பான்? கல்விக்கடன் வாங்கிப் படித்த பெண்ணிடம், உன் சந்தோஷம் வேலையில் இல்லை என்று சொல்லும்போது தவணை யார் கட்டுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? நம்ம ஊர் மேடையில் ஒரு வீரர் இதையே பேசினால் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

வீட்டு வேலையை உயர்வாகச் சொன்னால் கணக்கும் உயர வேண்டும்

கூட்டத்தில் மூத்த பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். தடகளத்தில் பெண்களைப் பல வருடம் பழக்கியவர், அன்பான மனிதர். அவர் சொன்னார்: "அந்தப் பையன் சொன்னதுல என்னங்க தப்பு? பொம்பளைங்க ஊட்டைப் பாத்துக்கறது கேவலம்னு எவனுஞ் சொல்லக்கூடாது. அதத்தான அவன் சொன்னான்."

எதிரே உட்கார்ந்திருந்த கபடிப் பயிற்சியாளர், இளம் பெண், கேட்டாள்: "கேவலமில்லீங்க சார். பெரிய வேலைதானுங்க. உங்க தோட்டம் யார் பேர்லங்க இருக்குது?"

அவர் சிரித்துவிட்டு, அப்பா பேரில் இருந்தது, இப்போது தன் பேரில் என்றார். அக்கா தங்கை இருக்கிறார்களா என்றாள். இருக்கிறார்கள், கல்யாணத்தில் நகை, சீர் எல்லாம் குறைவில்லாமல் செய்தாகிவிட்டது, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். சொல்லும்போதே அவருக்குக் கொஞ்சம் குரல் இறங்கியது. அவரை மடக்குவது அவள் நோக்கமாக எனக்குப் படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் பட்கரைப் பற்றிப் பேசவில்லை.

தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு 1989 முதல் சட்டத்தில் இருக்கிறது. நாடு முழுமைக்கும் 2005இல்தான் வந்தது. சட்டம் வந்த ஊரிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் தம்பிக்கு விடுதலை எழுதிக் கொடுக்கிற அக்கா தங்கைகளைத் தினமும் பார்க்கலாம். தோட்டம் பிரியக்கூடாது, கிணறு ஒன்றுதான், உறவு கெடக்கூடாது. காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் எழுதிக் கொடுக்கிறவர் எப்போதும் ஒரே பக்கம்தான்.

வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்பதை நீதிமன்றம் வெறும் வாழ்த்தாக விட்டுவிடவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து தன்னுடையது மட்டுமே என்றார் கணவர். இல்லத்தரசி மேலாளராகவும் சமையல்காரராகவும் வீட்டு வைத்தியராகவும் வரவு செலவு பார்க்கிறவராகவும் ஓய்வு நாள் இல்லாமல் உழைக்கிறார், அந்த உழைப்பு இல்லாமல் கணவர் வெளிநாட்டில் சம்பாதித்திருக்க முடியாது, எனவே அவருக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். அதே வருடம் செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. தொகை சின்னது. ஆனால் வீட்டில் செய்கிற வேலைக்கு உதவித்தொகை என்று பேர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்கள்.

கோவைக்காரர்களுக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. 1957இல் அவினாசிலிங்கம் செட்டியார் இங்கே பெண்களுக்கு மனையியல் கல்லூரி தொடங்கினார். அதை வளர்த்தெடுத்தவர் ராஜம்மாள் தேவதாஸ், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர். சமையல், சத்துணவு, குழந்தை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம் எல்லாவற்றையும் ஆய்வுக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்த இடம், 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. வீட்டைப் பார்த்துக்கொள்வது உயர்ந்த வேலை என்று பட்கருக்கு அறுபது வருடம் முன்னாலேயே கோவை சொல்லிவிட்டது. அப்படிச் சொன்ன பெண்கள் பேராசிரியர்களாக இருந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னார்கள். இல்லத்தரசியைப் புகழ்கிற எந்த வீரரையும் நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்ப்பேன்.

எது மரபு

மரபுப் பார்வை என்று ஒரு வீரர் சொல்லும்போது அது எந்த வயதுடைய மரபு என்று கேட்பது நல்லது. வள்ளி முருகன் கதையைப் பாடிக் கும்மியடித்து ஆடுகிற வள்ளிக்கும்மி இன்று கொங்குநாட்டுப் பெண்களின் அடையாளம் போல ஆகிவிட்டது. ஊருக்கு ஊர் அரங்கேற்றம், ஒரே நிறச் சேலை; பெருந்துறைப் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்றாக ஆடியும் காட்டினார்கள். ஆனால் இது ஆண்கள் ஆடிய கலை. மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயா பெண்களைச் சேர்த்துப் பழக்கியபோது அது வழக்கத்தை மீறியதாகத்தான் இருந்தது. 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் மீறல் மரபாகிவிட்டது.

அதே கும்மி மேடைகள் சிலவற்றில், சொந்தச் சாதிக்குள்தான் கல்யாணம் செய்வேன் என்று பெண்களிடம் உறுதிமொழி வாங்கிய காணொளிகளும் சுற்றின, பெரிய விவாதமும் ஆயிற்று. ஆடப் பழக்கிய கையோடு அடங்கவும் பழக்குகிறார்கள். அந்த உறுதிமொழியை எழுதியவர்களுக்கு இந்த ஆட்டமே ஒரு காலத்தில் பெண்களுக்கு விலக்கப்பட்டது என்பது நினைவிருந்ததா, தெரியவில்லை.

பட்கர் பேசிய அதே 2024 மே மாதத் தொடக்கத்தில், கோவை குனியமுத்தூரில் நடந்த ஒரு வலுதூக்கும் போட்டியில் பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயதுப் பாட்டி ஒருவர் கலந்துகொண்டார். பேரன்களைப் பார்த்துப் பழகியவர். அட்சிசனில் அந்தப் பேச்சு நடந்தபோது இங்கே வாட்ஸ்அப்பில் இந்தப் பாட்டியின் படம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அவரிடம் குடும்பம் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. எண்பது தாண்டிய பெண்ணுக்குக் கிடைக்கிற அந்தச் சலுகை இருபது வயதுப் பெண்ணுக்கு இல்லை.

திடலில்

உண்மையில் ஒரு நட்சத்திரத்தின் பேச்சால் ஒரு பெண் பயிற்சியை நிறுத்திவிடுவாள் என்று நான் நம்பவில்லை. நிறுத்துவது வேறு இடத்தில், வேறு வாயால். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற நேரம்தான் ஆபத்தான காலம். அதுவரை மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று சான்றிதழ் சேர்ந்துகொண்டிருக்கும். அப்புறம் வீட்டில் பேச்சு மாறும். வெயிலில் நின்று கறுத்துப்போகிறாள், ட்ரவுசர் போட்டு ஓடுகிற படம் பேப்பரில் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், முட்டியில் அடிபட்டால் யார் கட்டுவான். பெற்றோர் இதை எடுத்துக்கொண்டு நேராக வருவது பி.டி. மாஸ்டரிடம்தான். அவர் அந்த இடத்தில், ஆமாங்க, போதுமுங்க, படிச்சு ஒரு நல்ல இடத்துல குடுத்துருங்க என்றால் கதை முடிந்தது. இன்னும் ரெண்டு வருசம் விடுங்க, அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்குது, இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்குது என்றால் வேறு கதை. பட்கரின் இருபது நிமிடத்தைவிட இந்த இரண்டு வாக்கியம் பலமானது.

அந்த மூத்த பயிற்சியாளர் பழக்கிய பெண்களில் இன்று போலீஸிலும் ரயில்வேயிலும் இருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் பெற்றோரிடம் போய் வாதாடியவர் அவர்தான். கொள்கையில் பட்கர் பக்கம், செய்கையில் கன்னியாஸ்திரீகள் பக்கம். அவரிடம் இதைச் சொன்னபோது, "கொள்கை வேறங்க, எம்பட புள்ளைங்க வேறங்க" என்றார். இப்படிப் பிரிந்து நிற்கிற ஆண்கள் கொங்குநாட்டில் ஏராளம். அவர்களை எதிரியாக்கிவிட்டு எந்தப் பெண்ணையும் திடலில் நிறுத்திவைக்க முடியாது. பட்கர் விவாதத்தில் இரு தரப்பும் கோட்டைவிட்டது இதைத்தான் என்பது என் எண்ணம். சொன்ன வார்த்தையை வைத்து ஆளை எடைபோட்டார்கள். பட்கருடைய தாய் வேலைக்குப் போனபோது வீடு எப்படி ஓடியது, என்ன நினைவு வைத்திருக்கிறார் என்று ஒருவராவது மரியாதையாகக் கேட்டிருந்தால் பேச்சு எங்கேயோ போயிருக்கும்.

கேட்கிற முறைக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2016இல் சானியா மிர்சாவிடம், எப்போது குடும்பம் குழந்தை என்று நிலைகொள்வீர்கள் என்கிற மாதிரி ஒரு மூத்த தொலைக்காட்சி நெறியாளர் கேட்டார். நான் விளையாட்டை விடாதது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது போலிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே திருப்பினார் சானியா. ஆண் வீரரிடம் இப்படிக் கேட்டிருக்கமாட்டேன் என்று நெறியாளர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார். மனுவும் வரவில்லை, யார் வேலையும் போகவில்லை. அடுத்த வருடம் உலகக் கோப்பைக்கு முன்னால் மிதாலி ராஜிடம் உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்றார்கள். இதே கேள்வியை ஆண்களிடம் கேட்பீர்களா என்றார். அதோடு முடிந்தது.

விருந்தினரைக் கூப்பிடுகிறவர்களுக்கு

கடைசியில் நடைமுறைக்கு வந்தோம். கல்லூரி மேடையில் ஒரு வீரர் இப்படிப் பேசிவிட்டால் நிர்வாகம் என்ன செய்வது? பேச்சை முன்கூட்டி வாங்கித் திருத்துவது எனக்கு ஒப்பவில்லை. எந்த வீரரும் அதற்கு இணங்கமாட்டார், இணங்கினால் அந்தப் பேச்சைக் கேட்பதில் அர்த்தமில்லை. கபடிப் பயிற்சியாளர் சொன்ன யோசனை எளிமையானது: பேச்சு முடிந்ததும் நினைவுப் பரிசு கொடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் மாணவிகளின் கேள்விக்கு ஒதுக்குங்கள், அதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மூத்தவர் தலையை ஆட்டினார். விருந்தாளியை நிற்கவைத்துக் கேள்வி கேட்பது நம்ம பழக்கத்தில் இல்லை, கேட்டால் அடுத்த வருசம் எந்த ஸ்டாரும் வரமாட்டான், கரஸ்பாண்டன்ட் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. பெரிய பெயர்கள் சில வராமல் போகலாம்.

அவள் விடவில்லை. கடிதத்தின் வாசகத்தை அங்கேயே கைபேசியில் தட்ட ஆரம்பித்தாள். கேள்வி என்று போடாமல் மாணவிகளுடன் கலந்துரையாடல் என்று போடு, அப்படிப் போட்டால் கரஸ்பாண்டன்ட் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று திருத்தம் சொன்னது அந்த மூத்தவர்தான்.